ரூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி

போன வாரம் அப்பா ஃபோன் பண்ணார். "தம்பி, ஒரு ஏஜென்ட் வந்திருந்தார். ரிட்டயர்மென்ட் பணத்துல 5 லட்சம் போட்டா ஆறு வருஷத்துல டபுளாம். வருஷத்துக்கு 16.67 சதவீதம்னு சொல்றார். பேங்க்ல இவ்வளவு தர மாட்டாங்கள்ல?"

100-ஐ 6-ஆல வகுத்தா 16.67 வரும், சரிதான். ஆனா பேங்க்ல கணக்கு கூட்டு வட்டி. நிஜமாவே 16.67 சதவீதக் கூட்டு வட்டி கிடைச்சா, ஆறு வருஷத்துல 10 லட்சம் இல்ல, சுமார் 12.6 லட்சம் வரணும்!

அப்போ உண்மையான வட்டி எவ்வளவு? ஒவ்வொரு வருஷமும் பணம் ஒரே எண்ணால பெருகுது. அந்த எண்ணை ஆறு தடவை எழுதிப் பெருக்கினா 2. அதாவது, 2-இன் ஆறாம் மூலம். ஃபோன் கால்குலேட்டர்ல ஆறாம் மூலத்துக்குன்னு பட்டன் தேடினேன், இல்ல. பவர் பட்டன் இருந்துச்சு. அது போதும்.

ஏன்னா, ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கா? அடிமானம் ஒண்ணா இருந்தா, பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டணும். 2³ × 2⁴ = 2⁷. இப்போ ஆறாம் மூலத்தையும் 2-இன் ஏதோ ஒரு அடுக்குன்னு வெச்சுக்கோங்க. ஆறு தடவை பெருக்கினா 2, அதாவது 2¹ வரணும். அப்போ அந்த அடுக்கை ஆறு தடவை கூட்டினா 1 வரணும். அது 1/6 தான். மனப்பாடம் பண்ண எதுவுமே இல்ல, பழைய விதியே இதைக் கேட்டு வாங்குது.

இன்னொரு லாபமும் இருக்கு. √2 × ³√2-ன்னு எழுதினா எப்படிச் சேர்க்கிறதுன்னு தெரியாம முழிப்போம். அடுக்கா மாத்தினா 1/2 + 1/3 = 5/6. விடை, 2-இன் அடுக்கு 5/6. கீழ இருக்கிற 6 எத்தனையாவது மூலம்னு சொல்லுது, மேல இருக்கிற 5 எத்தனை அடுக்குன்னு சொல்லுது.

அப்பாவுக்காக ஜாவால ஒரு சின்ன புரோகிராமும் எழுதினேன். வட்டி பூஜ்யம்னு வந்துச்சு! 1/6-ன்னு போட்டிருந்தேன். ரெண்டுமே முழு எண்ணுங்கறதால ஜாவா பின்னத்தை வெட்டிட்டு 0-ன்னு எடுத்துக்கிச்சு. 2-இன் அடுக்கு 0, விடை 1. பணம் வளரவே இல்ல. 1.0/6-ன்னு மாத்தினதும் 1.1225 வந்துச்சு.

ஆக, வட்டி சுமார் 12.25 சதவீதம். 16.67 இல்ல. அப்பாகிட்ட சொன்னேன். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "சரி, அவரை உன் முன்னாடியே வந்து கணக்கு போடச் சொல்றேன்"னார். இன்னும் கையெழுத்து போடல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.