நெஞ்சுக்குள் ஓர் அமானிதம்
(லப்பைக்குடிக்காட்டில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவன் அருளிய நிஅமத்துகளுள் நாம் கேளாமலே பெற்று, எண்ணாமலே செலவழிப்பது மூச்சு. வயது வந்தவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே சென்று வருகிறது.

அக்காற்று செல்லும் வழியைச் சற்றே சிந்தியுங்கள். மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, மரக்கிளைகளைப் போல மேலும் மேலும் கிளைத்து, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. வலப்பக்க நுரையீரலுக்கு மூன்று மடல்கள். இதயத்திற்கு இடம்விட்ட இடப்பக்கத்திற்கு இரண்டே. உதரவிதானம் கீழிறங்க நெஞ்சு விரிகிறது. காற்று உள்ளே நுழைகிறது. காற்றறைகளின் மெல்லிய சுவர் வழியே இரத்தம் பிராணவாயுவை ஏற்று, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது.

இதயத்தின் நடுச்சுவரில் நுண்துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்ற பழைய மருத்துவர் காலெனின் கூற்றை உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். துளைகள் இல்லை, இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு சேர்ந்த பின்னரே இதயத்தின் இடப்பக்கம் வருகிறது என்று எழுதிவைத்தார்.

சகோதரர்களே! ஈரலும் சிறுநீரகமும் உடலுக்குள் மூடிக் கிடக்கின்றன. நுரையீரலோ வெளிக்காற்றுக்குத் திறந்த வாசல். ஒருவர் விட்ட மூச்சை அருகிலிருப்பவர் இழுக்கிறார். ஆகவே அது நமக்கு மட்டுமல்ல, நம் வீட்டாருக்கும் உரிய அமானிதம். தகப்பன் ஊதும் பீடிப்புகை பிள்ளையின் காற்றறைக்கும் செல்கிறது. காசநோய்க் கிருமி பரவுவதும் இவ்வழியேதான்.

இருமலை மறைக்கும் குடும்பங்கள் உள்ளன. மகளுக்கு வரன் அமையாது, மகனின் வெளிநாட்டுப் பயணம் தடைப்படும் என்னும் அச்சமே காரணம். சென்னையில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், 1959-இல் ஓர் உண்மையை உலகுக்கு அறிவித்தது. வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து உண்டவர்கள், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நோயாளியை ஒதுக்கத் தேவையில்லை. நாம் அஞ்ச வேண்டியது மறைக்கப்பட்ட இருமலுக்கே.

எனவே இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ தோன்றினால், அரசு மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பொதுவாக ஆறு மாத காலம் மருந்து உண்ண வேண்டும். உடல் தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால், கிருமி அம்மருந்துக்கே அடங்காததாகிவிடும். அறைகளின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். நோயுற்ற வீட்டாரைப் பழித்துப் பேசாதீர்கள். அந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கிறார்கள்.

நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடிச் செல்லும் துணிவையும், பிறர் மூச்சைப் பேணும் நற்பண்பையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.