கண் மூடாதவர்



2020 மார்ச் 27, நம் நேரப்படி இரவு 10.30. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேற வழியின்றி ஊரடங்கில் வீட்டில் இருந்தோம். மழையில் நனைந்த புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நடந்ததைக் கைபேசியில் பார்த்தோம். கடலில் புயலைக் கண்டு அலறிய சீடரைப் பற்றிப் பேசினார். பின் நற்கருணையை உயர்த்தியபோது முழந்தாளிட்டுக் கண் மூடினோம்.

அந்நேரம் கண் மூட முடியாத ஒருவர் உண்டு. பல கேமராக்களின் படங்கள் அவர் முன்னே சிறு திரைகளில் ஓடும். இயக்குநர் குரல் கொடுத்ததும் உரிய பொத்தானை அழுத்தி, ஒரு படத்தை மட்டும் நமக்கு அனுப்புவார். தொழில்நுட்ப இயக்குநர் என்பார்கள். ஒரு நொடி தலை குனிந்தால் வேறு படம் போய்விடும்.

நம் ஆலயத் திருவிழா நேரலைக்கும் ஒரு தம்பி அப்படி உட்கார்கிறார். எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிடவில்லை என்று அவரைக் கடிந்துகொண்டோம் (சாமியாருக்குக் கோபம் சீக்கிரம் வரும்). வீட்டில் படுத்திருந்த நோயாளிகள் கைகூப்பியது அவர் விழித்திருந்ததால்தான் என்பது அப்போது தோன்றவில்லை. நன்மை வாங்கவும் அவர் எழவில்லை.

இவ்வாண்டு நற்கருணையை அவர் இருக்கைக்கே கொண்டுபோவோம்.