பழைய வார்ப்பும் புதிய உரிமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் தொழில் மிகத் தொன்மையானது. அத்தொழிலில் ஒருவர், "இம்முறை என்னுடையது, முன்னர் உரிமை பெற்ற முறைகளினின்றும் வேறானது" என்பாராயின், அதனை எங்ஙனம் மெய்ப்பிப்பது? நம் காலனியில் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆதலின் இவ்வினா நமக்கும் உரியதே.

1907-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட், நியூயார்க்கில் ஒரு முறையை விளக்கினார். பற்குழிக்கேற்ப மெழுகில் கரு செய்து, அதன்மேல் வெப்பந் தாங்கும் சாந்து பொதிந்து, சூட்டினால் மெழுகை நீக்கி, உருகிய பொன்னை வாயு அழுத்தத்தால் உட்செலுத்தினார். காப்புரிமை பெற்று, அம்முறையைக் கையாண்ட மருத்துவர்களிடம் கட்டணமும் கோரினார்.

மெழுகு நீக்கி வார்த்தல் நமக்குப் புதியதன்று. சோழர் காலத்து ஆடவல்லான் திருமேனிகள் அவ்வாறு உருவானவையே. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் காவிரி வண்டலைப் பூசி அவ்வண்ணமே வார்க்கின்றனர். ஆயினும் டாகர்ட்டின் உரிமையை வீழ்த்தியது சோழர் படிமம் அன்று. அயோவா மாநிலத்துப் பல் மருத்துவர் பில்புரூக் என்பார், ஏறத்தாழப் பத்தாண்டுகட்கு முன்பே, பற்குழியை உலோக வார்ப்பால் நிரப்பும் முறையைத் தம் மாநிலப் பல் மருத்துவச் சங்கத்தில் கட்டுரையாகப் படித்திருந்தார். அன்று அதனைப் பொருட்படுத்துவார் இலர். வழக்கு எழுந்தபோது அதுவே சான்றாயிற்று; காப்புரிமை செல்லாதாயிற்று.

அங்ஙனமாயின் உண்மையான வேறுபாடு யாது? எஃகுத் தொடர் வார்ப்பில் அதற்கொரு சான்று உண்டு. ஜெர்மானியர் ஜுங்கான்ஸ் வகுத்த முறையில், அச்சானது வார்ப்போடு ஒரே வேகத்தில் கீழிறங்கிப் பின் விரைந்து மேலெழும். 1950-களில் இங்கிலாந்தின் பாரோ நகரில் ஹாலிடே என்பார், அச்சினை வார்ப்பைவிடச் சற்று விரைவாக இறங்கச் செய்தார். வார்ப்பு அச்சில் ஒட்டிக் கிழிவது குறைந்தது. மாற்றம் சிறிதே, எனினும் அதனை அளந்து காட்டலாம், பயனையும் கண்ணாற் காட்டலாம். பெயரை மாற்றுவதால் முறை புதிதாகிவிடாது.

நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் புதுமையோடு புத்தாக்கத் திறனையும் கேட்கிறது. வழிவழி வந்த வாய்மொழி அறிவைக் காட்டி எதிர்ப்புத் தெரிவிக்கவும் அதில் இடமுண்டு. ஆனால் அவ்வறிவு இருந்ததென நிறுவுவதற்கு ஏடு வேண்டுமன்றோ?

மூத்த தொழிலாளி ஓய்வு பெறும்போது அவர்தம் கைப்பக்குவமும் உடன் சென்றுவிடுகிறது. பின்னர் அதனையே ஒருவர் புதிதென்று உரிமை கோரினால், மறுப்பதற்கு நம் கையில் ஓலை இராது. இளைஞர்களே! நீங்கள் கண்டது புதிதெனத் தோன்றினால், முதலில் விண்ணப்பம் செய்யுங்கள். மேடை ஏறுவது பிறகு ஆகட்டும். முன்னோர் வழி வந்த பக்குவமாயின், அதனை நாள் குறித்து எழுதி அச்சேற்றுங்கள். நம் மலரிலும் ஆண்டுதோறும் அதற்குச் சில பக்கங்கள் ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டி அமைகின்றேன்.