சித்தூர் ஃபைலும் திருமலை க்யூவும்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'எண்டர்பிரைஸ் பிசினஸ் பிராசஸ் மாடலிங்' என்று நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துவிட்டு நம் செயலாளர் போன் செய்தார். "ஸார், கடைசியில் டிபன் வைத்திருக்கிறோம், அதற்காகவாவது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்" என்றார். அந்த நம்பிக்கையில்தான் ஆரம்பிக்கிறேன்.

தலைப்பு என்னுடையது அல்ல. என் பெண் வயிற்றுப் பேரன் பெங்களூரில் பார்க்கிற உத்தியோகத்தின் பெயர் அது. ஒரு ஸ்தாபனத்தின் எல்லாப் பிரிவுகளிலும் நடக்கும் வேலைகளை ஒரே படமாக வரைந்து, அவற்றின் முடிவில் வாடிக்கையாளர் கைக்கு என்ன வந்து சேருகிறது என்று பார்ப்பது. இதற்கா சம்பளம் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. அவனிடம் என் பழைய கதை ஒன்றைச் சொல்லப்போக, அவன் கேட்ட கேள்வியால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தூரில் ஓர் அலுவலகத்தில் - பெயர் வேண்டாம் - செக்ஷன் பொறுப்பில் இருந்தேன். கணவரை இழந்த ஒரு மாமி குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்துபோய்க்கொண்டிருந்தார். அவருடைய ஃபைல் 11 மேஜைகளைத் தாண்ட வேண்டும். எந்த மேஜையிலும் மூன்று நாளுக்கு மேல் தாள் தங்கக்கூடாது என்பது எங்கள் கண்டிப்பு. பர்சனல் ரிஜிஸ்டரைப் புரட்டினால் எல்லோருடையதும் சுத்தம். இன்ஸ்பெக்ஷனில் பாராட்டுகூடக் கிடைத்தது. மாமிக்கு உத்தரவு கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று.

இதை நான் பெருமையாகத்தான் பேரனிடம் சொன்னேன். ஒரு தாள்கூட எங்களிடம் நிலுவையில் இருந்ததில்லை என்று. அவன், "ஏன் தாத்தா, ஃபைல் எங்கேயும் நிக்கலை, சரி. மாமி எத்தனை நாள் நின்னுண்டிருந்தா?" என்றான்.

பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 11 மேஜை, மூன்று மூன்று நாள் என்றால் 33 நாள். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு மேஜை புதிதாக ஒரு கொர்ரி போடும். வயதுச் சான்று ஒரு தடவை, வாரிசுச் சான்று ஒரு தடவை. ஃபைல் முதல் மேஜைக்குத் திரும்பும். மூன்று சுற்றுக்கே 99 நாள் ஆகிவிடுகிறது. மீதி நாட்கள் தபாலிலும், மாமி சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்ததிலும் போயின. அத்தனை பேரும் அந்த ஃபைலில் உண்மையில் வேலை செய்த நேரம் நாலு மணி இருந்தால் அதிகம். எல்லா மேஜைக்கும் தேவையான தாள்கள் இன்னின்ன என்று முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு சுற்று மிச்சம். அப்படி ஒரு சீட்டு எழுத எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை என்பது ஒருபுறம். யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் நாற்பது வருஷம் கழித்து உறைக்கிறது. மைக்கேல் ஹாமர் என்ற அமெரிக்கர் 1990-இல் ஒரு கட்டுரையில் இதைத்தான் சொன்னாராம்: பழைய சுற்றுவழியை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், வழியையே மாற்றுங்கள் என்று.

அதன் பிறகு அவனோடு திருமலைக்குப் போனேன். சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர். எத்தனையோ தடவை போன இடம்தான். ஆனால் இந்தத் தடவை கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்து நாங்கள் பேசியது முழுக்கக் கணக்கு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த ஒரு சின்ன விதி இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வரும். ஒரு நாளைக்கு 70,000 பேர், 20 மணி நேரம் தரிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 3,500 பேர். முன்னால் 35,000 பேர் இருந்தால் 10 மணி நேரம். இன்னும் பத்து ஷெட் கட்டினாலும் இந்த நேரம் குறையாது. பங்காரு வாகிலி அகலமாகப் போவதில்லை. ஷெட்டில் உட்கார இடமும், பாலும், சாதமும் கிடைக்கும், அது பெரிய விஷயம்தான். ஆனால் '31 கம்பார்ட்மென்ட்டும் நிரம்பி வெளியே வரிசை' என்ற பத்திரிகைச் செய்தி நிற்காது.

அப்படியானால் நேரம் குறித்த டோக்கனால் என்ன லாபம்? வாசலில் மணிக்கு அதே 3,500 பேர்தானே? லாபம் நிற்பவருக்கு. கையில் மணி எழுதிய சீட்டு இருந்தால் அந்தப் பத்து மணி நேரத்தில் திருச்சானூர் போய் வரலாம், கோவிந்தராஜரைச் சேவிக்கலாம், ரூமில் படுத்துத் தூங்கலாம். காத்திருப்பு அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அது அவருடைய சொந்த நேரமாகிவிடுகிறது. பேரன் பாஷையில் 'கஸ்டமர் வேல்யூ' என்பது இதுதான் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஒரு பிரிவு தன் வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்யலாம் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. லட்டுவுக்கு 'திட்டம்' என்று ஒரு அளவுப் பட்டியல். 1950-இல் ஏற்பட்டது, 2001-இல் திருத்தியது. 5,100 லட்டுக்கு நெய் 165 கிலோ, கடலைமாவு 180, சர்க்கரை 400, முந்திரி 30, திராட்சை 16, கல்கண்டு 8, ஏலக்காய் 4. மொத்தம் 803 கிலோ. நம் வீட்டு மாமிகள் கைக்கணக்கில் செய்வதை இப்படி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், 2024-இல் நெய்யின் தரம் பற்றிச் சர்ச்சை கிளம்பியபோது பிரச்சினை இந்தப் பட்டியலில் இல்லை. மடப்பள்ளி வாசலுக்கு வெளியே, நெய் வந்த வழியில். பட்டியல் 165 கிலோ என்று சொல்லும், அந்த நெய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

இனி நான் சொல்லப்போவது வருத்தமான விஷயம். டோக்கன் கொடுப்பதற்குத் திருப்பதியில் கவுண்டர்கள் வைத்தார்கள். மலைமேல் இருந்த க்யூ கீழே ஊருக்குள் இறங்கியது. 2022 ஏப்ரலில் அந்தக் கவுண்டர்களில் நெரிசல் ஏற்பட்டுச் சிலர் காயமடைந்தனர். 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் கூடிய கூட்டத்தில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அதில் உண்டு. மேலே கம்பார்ட்மென்ட்டில் கதவு, கழிப்பறை, குடிதண்ணீர், சிப்பந்தி எல்லாம் இருக்கிறது. கீழே அவர்கள் நின்றது டோக்கனுக்கான க்யூவுக்கு முந்திய க்யூவில். வரைபடத்தில் 'டோக்கன் வழங்குதல்' என்று ஒரு கட்டம் போட்டால், அதற்கு முன்னால் ஒரு வெள்ளை இடம் இருக்கும். அங்கே கோயில், போலீஸ், ஊர் நிர்வாகம் எல்லோரும் இருப்பார்கள், ஆனால் அந்த இடம் யாருடையது? நான் யாரையும் குற்றம் சொல்ல இதைப் பேசவில்லை. எங்கள் 11 மேஜைகளுக்கு நடுவிலும் அந்த வெள்ளை இடம் இருந்தது. அங்கே மாமிக்கு ஐந்து மாதம் போயிற்று, இங்கே ஆறு உயிர்.

அடுத்த ஏகாதசிக்கு, 2025 டிசம்பர் 30 முதல் மூன்று நாட்களுக்குக் கவுண்டரே இல்லாமல் மின் குலுக்கலில் டோக்கன் என்று ஏற்பாடு செய்தார்கள். நல்லதுதான். செல்போனில் விரல் வைக்கத் தெரியாத நம் வயதுக்காரர்கள் பேரனைப் பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு க்யூ!

கடைசியாக ஒன்று. நம் கிளை கொடுக்கும் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை, ஒரு தகப்பனார் கையில் ஃபாரம் வாங்கும் நாளிலிருந்து செக் அவர் கணக்கில் ஏறும் நாள்வரை ஒரு பழுப்புத் தாளில் வரைந்திருக்கிறேன். மூன்று இடங்களில் வெள்ளை விழுந்திருக்கிறது. அதில் ஒன்று, பரிசீலனைக் குழு கூடும் தேதி. காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் தாண்டித்தான் கூடுகிறோம். தாளை ஹாலின் பின்சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். போன வருஷம் விண்ணப்பித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், டிபனுக்குப் போகும் முன் எங்கெங்கே எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.