நடுக்கம், அதிர்வு, அலை: சொற்கள் காக்கும் உயிர்கள்



நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச மொழியியலாளனுக்கு என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல் ஒரு தீவின் மக்களைக் காத்த வரலாறு அதில் உண்டு. அதனை உரைக்கவே கிளமெண்டிக்கு வந்துள்ளேன்.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். சுமத்ராவின் மேற்குக் கடலடியில் இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, சுந்தாத் தட்டின் கீழ் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. நகர்ந்து செல்கிறது. இதனைக் 'கீழமிழ்தல்' என்கிறோம். அமிழ்தல் என்றதும், நீரில் கல் இறங்குவது போன்ற அமைதியான செயலென மாணவர் கருதிவிடலாகாது. இரு தட்டுகளும் உராயுமிடத்தில் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. கீழ்த்தட்டு மேல்தட்டின் விளிம்பையும் இழுத்து வளைக்கிறது. நெடுங்காலம் கழித்து அப்பிடி விடுபடும்போது, வளைந்த விளிம்பு வில்லைப்போல் நிமிர்கிறது; கடற்றளம் உயர, மேலுள்ள நீரும் உயர்ந்து அலையாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்திற்கு அப்பிடி விடுபட்டது.

சிங்கப்பூர் தட்டுகளின் எல்லையில் இல்லை. ஆயினும் 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங் அருகே 7.6 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை இங்குள்ள உயர்ந்த கட்டடங்களில் இருந்தோர் உணர்ந்தனர். விரைந்து அதிரும் அலைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாக அசையும் அலைகளே இவ்வளவு தொலைவு வரும். உயர்ந்த கட்டடங்கள் அவற்றுக்கு இசைந்து ஆடும். கரையோர மென்களிமண் அவ்வாட்டத்தைப் பெருக்கும். எனவே, தோன்றுமிடத்தில் நிகழ்வதை 'நடுக்கம்' என்றும், நாம் உணர்வதை 'அதிர்வு' என்றும் பிரித்து ஆளலாம். நடுக்கத்தின் அளவு ஒன்றே. அதிர்வோ இடத்துக்கு இடம், மாடிக்கு மாடி வேறுபடும்.

இனி அந்தத் தீவைப் பார்ப்போம். 1907இல் பேரலையால் அழிவுற்ற சிமெலுவே தீவினர், அந்நிகழ்வை 'ஸ்மோங்' என்னும் ஒரு சொல்லில் பொதிந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் வழங்கினர். நிலம் வலுவாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அச்சொல்லின் பொருள். 2004இல் சில நிமிடங்களில் அலை வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் மாண்டோர் எழுவர்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே நில அதிர்வு மக்களை எச்சரிக்கும் அளவுக்கு வலுவாக இல்லை. அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று; ஆனால் செய்தி வரவில்லை. 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது. இன்று செய்தி வரும். கேட்பவர் அச்சொல்லின் பொருளை அறிந்திருந்தால்தான் அது பயன்படும்.

'கடல்கோள்' என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருந்தது. கடல் கொண்ட நாட்டை அது நினைவூட்டிற்று. ஓட வேண்டிய திசையை உணர்த்தவில்லை. ஆசிரியர்களே, 'ஆழிப்பேரலை' எனக் கரும்பலகையில் எழுதும்போது பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். அச்சொல்லைக் கேட்டதும் செய்ய வேண்டியதையும் சேர்த்துக் கற்பியுங்கள்: கரையை விட்டு நீங்கு, மேட்டுநிலம் ஏறு, அறிவிப்பு வரும்வரை திரும்பாதே.