விசாரணைக் கைதியும் அரசின் அதிகாரமும்

(அரசு அலுவலர்களும் சட்ட மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



குற்றத்தைத் தடுப்பதும் குற்றவாளியைத் தண்டிப்பதும் அரசின் தலையாய கடமைகள். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கருதவேண்டும் என்பது நமது நீதிமுறையின் அடிப்படை. இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதும் இடம் விசாரணைக் கைதியின் சிறை அறையாகும். தீர்ப்பு வழங்கப்படாத நிலையில் ஒருவரை எத்தனை காலம் அடைத்து வைக்கலாம்? இக்கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் அளித்துவந்துள்ள விடையை இன்று ஆராய்வோம்.

21-ஆவது பிரிவின் வளர்ச்சி

சட்டம் வகுத்த நடைமுறையின்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. 1950-இல், சென்னை மாநிலத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் இதற்குக் குறுகிய பொருளே கொண்டனர். முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் போதும். அது நியாயமானதா என்று ஆராய இப்பிரிவு இடந்தரவில்லை என்பது அவர்கள் கருத்து. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் இந்நிலை மாறிற்று. நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது.

அதே ஆண்டில் மோத்தி ராம் வழக்கு வந்தது. ஏழைக் கொத்தனார் ஒருவர் ஜாமீனில் வெளிவர 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. பிணையாளர் வேறு மாவட்டத்தவர் என்பதும் தடையாகக் கூறப்பட்டது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதனை ஏற்கவில்லை. 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் அவரை விடுவிக்க ஆணையிட்டார்.

1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு பீகார்ச் சிறைகளின் நிலையை நாட்டின் முன் வைத்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலும் கிடைக்கக்கூடிய உச்சத் தண்டனையைக் காட்டிலும் நீண்ட காலம் விசாரணையின்றிச் சிறையிலிருந்தோர் பலர். விரைவான விசாரணை 21-ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார். வசதியற்றவருக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பதும் அரசின் பொறுப்பு என்று கூறப்பட்டது.

தராசின் மறு தட்டு

எனினும், தராசின் மறு தட்டையும் நாம் மறந்துவிடலாகாது. பாதிக்கப்பட்டோருக்கும் நீதி வேண்டும்; சாட்சிகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். தாமதத்திற்கு எதிரியே காரணமாக இருப்பதும் உண்டு. எனவேதான், எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் கால வரம்பை விதிக்க 1991-இல் ஏ.ஆர். அந்துலே வழக்கில் ஐந்து நீதிபதிகள் மறுத்தனர். பின்னர் சிறிய அமர்வுகள் அத்தகைய வரம்புகளை விதித்தபோது, 2002-இல் ஏழு நீதிபதிகள் அவற்றை நீக்கினர். தாமதத்தின் காரணத்தையும் விளைவையும் அந்தந்த வழக்கில் எடைபோட வேண்டும் என்பதே இதன் சாரம்.

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட விதி ஜாமீனை மேலும் அரிதாக்கியது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையென நம்ப நியாயமான காரணம் இருப்பின் ஜாமீன் இல்லை. இந்நிலையில் சாட்சியத்தை நுணுகி ஆராயலாகாது என்று 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் 2021-இல் கே.ஏ. நஜீப் வழக்கில், எதிரி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்ததையும், 276 சாட்சிகள் இன்னும் விசாரிக்கப்பட வேண்டியிருந்ததையும் கருதி, உயர் நீதிமன்றம் வழங்கிய ஜாமீனை அது உறுதிசெய்தது. சட்டம் கடுமையாயினும், விசாரணை முடிவுறும் வாய்ப்பு இல்லாதபோது அரசியல் சட்ட நீதிமன்றத்தின் கை கட்டப்படவில்லை என்பது இதன் பொருள்.

அலுவலரின் கடமை

உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்தவரை விடுவிக்க 2006 ஜூன் மாதத்தில் 436-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் செயற்படும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, முன்பு தண்டனை பெறாத முதல் குற்றத்தாருக்கு இதனை மூன்றிலொரு பங்காகக் குறைத்துள்ளது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கும் இல்லை.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நால்வரில் மூவர். தீர்ப்புகள் பல வந்த பின்னரும் நிலை இதுவெனில், குறை எங்கே உள்ளது? உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைக் கைதியிடம் கொண்டுசேர்க்கும் கை தளர்ந்திருக்கிறது. உரிய காலம் நிறைவுற்றதும் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் கடமையை 479-ஆவது பிரிவு சிறைக் கண்காணிப்பாளர் மீதே சுமத்தியுள்ளது. கைதி கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, கைதான நாளையும் குற்றத்திற்குரிய உச்சத் தண்டனையையும் பிழையின்றிக் குறித்து வைக்கும் பதிவேடு, ஒருவருடைய சுதந்திரத்தைக் காக்கும் ஆவணமாகிறது. நீதிமன்றம் வகுத்த சமநிலை, நாள்தோறும் இத்தகைய பதிவேடுகளில்தான் காக்கப்படுகிறது அல்லது கைவிடப்படுகிறது என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொணர்ந்து என் உரையை நிறைவு செய்கிறேன்.