மழைக்காலத்துக்கு எந்த ரேடியோ வாங்கலாம்?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சார் கேட்டிருந்தார்: “அமெரிக்காவில் என் மகன் வீட்டில் ஸ்கேனர் இருக்கிறது. போலீஸ், தீயணைப்புப் படை பேசுவதெல்லாம் கேட்கிறது. நம் அபார்ட்மெண்டுக்கும் ஒன்று வாங்கினால் என்ன?”

நியாயமான கேள்விதான். 2015 டிசம்பர் 1 இரவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. அடையாற்றில் தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுகூடத் தெரியாமல் மொட்டை மாடியில் நின்றோம்.

ஆனாலும் அந்த ஸ்கேனர் நமக்குச் சரிவராது. அமெரிக்கப் போலீஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது பி25 என்ற டிஜிட்டல் முறை. அதற்காகச் செய்த கருவிக்கு, டெட்ரா போன்ற வேறு முறையில் பேசுவது புரியாது. பேச்சைக் குறியாக்கம் செய்துவிட்டால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஸ்கேனரிலும் கேட்காது. நியூயார்க் போலீஸே 2023-இல் அப்படி மாற்றத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் அனுமதியில்லாமல் போலீஸ் வயர்லெஸை ஒட்டுக்கேட்பது குற்றம். சங்கப் பணத்தில் வாங்கினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் நிர்வாகிகள்.

நமக்குத் தேவை, நமக்காகச் சொல்லப்படும் செய்தி. அதற்குச் சாதாரண ரேடியோ போதும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, எஃப்.எம். மட்டுமல்லாமல் மீடியம் வேவும் இருக்க வேண்டும். எஃப்.எம். குறைந்த தூரமே எட்டும். மீடியம் வேவ் வெகுதூரம் வரும். சென்னை வானொலி 720 கிலோ ஹெர்ட்ஸ், எஃப்.எம். ரெயின்போ 101.4. இந்த இரண்டு எண்களையும் ரேடியோவின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி மட்டும் இருந்தால், கரண்ட் போன மூன்றாம் நாள் அது வெறும் பெட்டி. கையால் சுற்றும் டைனமோ இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, வாங்கும் முன் வீட்டுக்குள் வைத்துக் கேட்டுப் பாருங்கள். கான்கிரீட் சுவருக்குள் மீடியம் வேவ் மங்கும். ஜன்னலோரம் வைத்து, பெட்டியை மெதுவாகத் திருப்பினால் ஒரு திசையில் தெளியும். எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் இரைச்சல் தரும், தள்ளி வையுங்கள்.

செல்போனில் ரேடியோ இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலும் அது நெட்டில் ஓடும் ஆப். நெட் போனால் அதுவும் போகும்.

என் வேண்டுகோள் இதுதான்: பிளாக்குக்கு ஒன்று, வாசல் செக்யூரிட்டியிடம் ஒன்று. பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து பெட்டியைக் கெடுத்துவிடும். மாதத்தின் முதல் ஞாயிறு ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எழுதி வையுங்கள்.

அக்டோபர் பிறக்கும் முன் இதை முடித்துவிடுவோம்.